பழைய கிதாபுகளை மண்ணுக்குக் கொடுக்கும் முன்

ரமலான் நெருங்கினால் பள்ளிவாசலுக்கு வெள்ளையடிப்பார்கள். அலமாரிகளைக் காலி செய்வார்கள். முதுகு கழன்ற முஸ்ஹபுகள், ஏடு ஏடாகப் பிரிந்துபோன கிதாபுகள், எந்த வீட்டிலிருந்தோ யாரோ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன துணிமூட்டைகள் எல்லாம் தாழ்வாரத்துக்கு வந்து சேரும். இவற்றை என்ன செய்வது என்ற கேள்வியும் கூடவே வரும்.

தஞ்சைத் தரணியில் இதற்கு இரண்டு வழக்கங்கள் உண்டு. கப்ருஸ்தானின் ஓரத்தில் கால் படாத இடமாகப் பார்த்துக் குழிதோண்டி அடக்கிவிடுவது ஒன்று. சாக்கில் கட்டிக் கல்லும் வைத்துக் காவிரியிலோ அதன் கிளையாறுகளிலோ, கடலோர ஊரானால் கடலிலோ விட்டுவிடுவது மற்றொன்று. இரண்டும் அதபைக் கருதிச் செய்யப்படுபவை. திருமறையின் எழுத்துக் குப்பையில் விழக்கூடாதே, பொட்டலம் கட்டும் கடைக்குப் போய்விடக்கூடாதே என்ற அச்சம் ஈமானுள்ள நெஞ்சில் எழுவது இயல்பே. அதைக் குறைகூற நாம் வரவில்லை. மூட்டையைப் பிரித்துப் பார்த்தபின் இதைச் செய்கிறோமா, பாராமலே செய்கிறோமா? நாம் கேட்பது இவ்வளவுதான்.

பாராமல் செய்வதே பெரும்பான்மை. அரபி எழுத்தாயிருந்தால் அது குர்ஆனாகத்தான் இருக்கும் என்று எண்ணிவிடுகிறோம். அதிலும் ஸபர், ஸேர், பேஷ் இட்ட எழுத்தானால் கேட்கவே வேண்டியதில்லை. நம் மக்கள் பார்த்துப் பழகியதில் உயிர்க்குறியோடு அச்சிட்டது குர்ஆன் ஷரீபுதான். மத்ரஸாக்களில் ஓதும் கிதாபுகளில் அந்தக் குறிகள் இருப்பதில்லை. ஆனால் உயிர்க்குறி இட்டு எழுதிய வேறொன்றும் நம்மிடம் உண்டு. அதுதான் அரபுத் தமிழ்.

அரபுத் தமிழ் என்பது தமிழ்மொழியை அரபி எழுத்தில் எழுதும் முறை. ப, ட, ங, ஞ, ண, ள போன்ற ஓசைகளுக்கு அரபியில் எழுத்து இல்லை. ஆகவே அருகான அரபி எழுத்துக்கே புள்ளிகளைக் கூட்டியும் மாற்றியும் புது எழுத்துகளை அமைத்துக்கொண்டார்கள். ஏகார ஓகாரங்களுக்குத் தனிக் குறிகளும் வைத்தார்கள். உயிர்க்குறி இல்லாமல் தமிழை அதில் படிக்க முடியாது. ஆதலின் எல்லா எழுத்துக்கும் குறி இட்டிருக்கும். தொலைவிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு அது அசல் முஸ்ஹபுபோலவே தோன்றும். பிரித்துப் படித்தாலோ தொழுகையின் ஃபர்ளுகளைத் தமிழில் சொல்லும் பாடமாயிருக்கலாம். நபி (ஸல்) அவர்களின் புகழ்மாலையாயிருக்கலாம். பிள்ளை வயிற்றுவலிக்கு எழுதிவைத்த மருந்தாயிருக்கலாம். மலாயாவிலோ பர்மாவிலோ இருந்த கணவருக்கு வீட்டிலிருந்து எழுதிய கடிதமாகவும் இருக்கலாம். தமிழ் நெடுங்கணக்கு அறியாத எத்தனையோ பெண்கள் குர்ஆன் ஓதப் பழகிய எழுத்தைக் கொண்டே தமிழைப் படித்தார்கள், எழுதினார்கள். நம் குடும்பப் பெண்களின் எழுத்துத் தேர்ச்சிக்கு எஞ்சியிருக்கும் சான்று பல வீடுகளில் இந்தத் தாள்கள் மட்டுமே. அவற்றைப் படிக்கத் தெரிந்த முதியவர்களும் ஒவ்வொருவராக மறைந்து வருகிறார்கள்.

இந்த எழுத்து ஏதோ அடுப்பங்கரையோடு நின்றுபோனது என்று நினைத்துவிட வேண்டாம். காயல்பட்டினத்தில் 1816ல் பிறந்து, கீழக்கரையில் வாழ்ந்து, 1898ல் மறைந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) அவர்கள் ‘மஙானீ’, ‘ஃபத்ஹுத் தய்யான்’ என்னும் பெரும் மார்க்க நூல்களை அரபுத் தமிழில்தான் யாத்தார்கள். அவர்களுக்கு முன்னரே சதக்கத்துல்லாஹ் அப்பா (ரஹ்) அவர்கள் (1632–1703) அரபியிலேயே கவிபாடி நம் கரையின் பெயரை அரபு உலகில் நிலைநாட்டினார்கள். கீழக்கரை அரூஸிய்யா மத்ரஸாவில் இச்செல்வம் தலைமுறைகளாகப் பேணப்பட்டது. அந்த வழியில் வந்த தைக்கா ஷுஐபு ஆலிம் அவர்கள் தமிழகத்திலும் இலங்கையிலும் வளர்ந்த அரபி, அரபுத் தமிழ், பாரசீக இலக்கியங்களைத் தொகுத்து 1993ல் ஆங்கிலத்தில் ஒரு பெருநூலே வெளியிட்டார்கள். ஒரு வீட்டார் பெட்டியைக் காத்ததனால் விளைந்த பயன் இது.

நம் டெல்டாப் பகுதியில் அப்படிப்பட்ட பெட்டிகள் இல்லையா? நாகூரையும் நாகப்பட்டினத்தையும் விட்டுக் கப்பலேறியவர்கள் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் நாகூர் ஆண்டகையின் பெயரால் நினைவிடம் எழுப்பும் அளவுக்கு வேரூன்றினார்கள். சிங்கப்பூரில் உள்ளது 1828க்கும் 1830க்கும் இடையில் கட்டப்பட்டது. போனவர்கள் வெறுங்கையோடு திரும்பவில்லை. அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை, கூத்தாநல்லூர், ராஜகிரி, பண்டாரவாடை என்று எந்த ஊரானாலும் சபுராளிகள் வீட்டுப் பரணில் டிரங்குப் பெட்டி ஒன்று இருக்கும். பம்பாய்க் கல்லச்சுக் கிதாபும், கெய்ரோவில் அச்சான கிதாபும், கையால் எழுதிய மௌலூதும் ராத்திபும் அதற்குள் ஒன்றாய்க் கிடக்கும். அச்சிட்டதற்கு உலகில் வேறு பிரதி இருக்கக்கூடும். கையால் எழுதியதற்கு அந்தப் பரணில் இருப்பதே ஒரே பிரதியாக இருந்தால்?

மார்க்கச் சட்டம் சொல்வது என்ன?

உள்நாட்டு ஊர்களில் ஹனஃபீ மத்ஹபும் கடலோர ஊர்களில் ஷாஃபியீ மத்ஹபும் வழங்குவதால் இரண்டையும் பார்ப்போம்.

ஹனஃபீ மத்ஹபின் ‘துர்ருல் முக்தார்’ என்னும் கிதாபை எழுதிய இமாம் ஹஸ்கஃபீ (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 1088ல் மறைந்தவர்கள். ஓத இயலாத நிலைக்கு வந்துவிட்ட முஸ்ஹபை, ஒரு முஸ்லிமை அடக்குவதுபோல் அடக்க வேண்டும் என்பது அவர்கள் தரும் சட்டம். மற்றக் கிதாபுகளைப் பொறுத்தவரை, பயன்பெற முடியாதவற்றிலிருந்து அல்லாஹ், மலக்குகள், ரசூல்மார்களின் பெயர்களை அழித்துவிட்டு மீதியை எரிக்கலாம். ஓடும் நீரில் விடுவதிலும் குற்றமில்லை. ஆனால் அடக்குவதே சிறந்தது என்கிறார்கள். ஷாஃபியீ மத்ஹபின் உலமாக்கள் எழுத்தைக் கழுவி அழிப்பதையும், அவமதிப்பிலிருந்து காக்கும் எண்ணத்தோடு எரிப்பதையும் பேசுகிறார்கள்.

ஆக, நம் ஊர் வழக்கத்துக்கு ஆதாரம் இருக்கிறது. ஆனால் அந்தச் சட்டத்தின் வாசலில் நிற்கும் நிபந்தனையை நாம் தாண்டிக் குதித்துவிடுகிறோம். முஸ்ஹபுக்கு, ஓத இயலாமை. கிதாபுக்கு, பயன்பெற முடியாமை. ஓரம் செல்லரித்த ஒரு கையெழுத்துக் கிதாபைக் காட்டி, ‘இதனால் பயனில்லை’ என்று முடிவு சொல்ல வேண்டியவர் யார்? அதைப் படிக்கத் தெரிந்தவரா, அலமாரியைத் துடைக்க வந்தவரா? நமக்குப் படிக்கத் தெரியாதது நம் குறை. அது கிதாபின் குறையாகிவிடாது.

எரிப்பதற்கு ஆதாரமாக உதுமான் (ரலி) அவர்களின் செயலைக் காட்டுவார்கள். புகாரி ஷரீபில் வரும் அந்தச் செய்தியை முழுமையாக எடுத்துக்கொள்ள வேண்டும். கலீஃபா அவர்கள் முதலில் செய்தது எரிப்பது அன்று. ஹஃப்ஸா (ரலி) அன்னையாரிடமிருந்த ஏடுகளைத் திருப்பித் தருவதாகச் சொல்லிக் கேட்டு வாங்கினார்கள். ஜைது இப்னு தாபித் (ரலி) அவர்களையும் இன்னும் மூவரையும் அமர்த்திப் பிரதி எடுக்கச் செய்தார்கள். மூல ஏடுகளைச் சொன்னபடி அன்னையாரிடமே திருப்பி அனுப்பினார்கள். பிரதிகளை நாடுகளுக்கு அனுப்பினார்கள். எஞ்சியவற்றை எரிக்கச் சொன்னது இத்தனைக்கும் பிறகுதான். கேட்டு வாங்கு, பிரதி எடு, உடையவரிடம் திருப்பிக் கொடு என்ற வரிசை அதில் இருக்கிறது. நாம் கடைசிப் படியை மட்டும் பிடித்துக்கொண்டோம்.

மரியாதை ஏடுகளை விழுங்கிய கதை நமக்கு மட்டும் உரியதன்று. பண்டாரவாடைக்கும் ராஜகிரிக்கும் அருகிலுள்ள உத்தமதானபுரத்தைச் சொந்த ஊராகக் கொண்டவர், 1855ல் பிறந்த உ.வே.சாமிநாதையர். கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்துகொண்டே ஏடு தேடி ஊர் ஊராய் அலைந்தவர். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் இருந்த ஏடுகளைத் தேடிப் போனபோது, பழுதான ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் இட வேண்டும் என்று ஆகமம் சொல்வதாகக் கூறி எரித்துவிட்ட செய்தியே அவருக்குக் கிடைத்தது. தம் வாழ்க்கை வரலாற்றில் நெஞ்சு நொந்து இதை எழுதியிருக்கிறார். ஆடிப்பெருக்கில் ஏடுகளை ஆற்றில் விட்ட வழக்கமும் அந்நாளில் உண்டு. விட்டவர்கள் தமிழுக்குப் பகைவர்கள் அல்லர், பக்தியுள்ளவர்கள்தான்.

இதற்கு மாறான ஒரு நிகழ்ச்சியும் உண்டு. 1972ல் யமன் நாட்டின் ஸன்ஆ நகரப் பெரிய பள்ளிவாசலில் மராமத்து நடந்தபோது, கூரைக்கும் மேல்தட்டுக்கும் இடையில் தோலேடுகளும் தாள்களும் குவியலாகக் கிடந்தன. பழுதான முஸ்ஹபுகளை அந்த ஊரார் மண்ணில் இடாமல் மேலே சேர்த்து வைத்திருந்தார்கள். தோலேட்டுத் துண்டுகள் மட்டும் ஏறத்தாழ 12,000. ஹிஜ்ரி முதல் நூற்றாண்டைச் சேர்ந்த குர்ஆன் ஏடுகளும் அவற்றில் உண்டு என்று அறிஞர்கள் கண்டார்கள்.

பாலைவனமும் நஞ்செய் நாடும்

கிதாபுகளைக் காத்த ஊர் என்றால் இன்று உலகம் நினைப்பது ஆப்பிரிக்காவின் திம்புக்துவை. ஸஹாராப் பாலையின் விளிம்பில் உள்ள ஊர் அது. அங்கே கிதாபுகள் அரசாங்கத்தின் சொத்தாக இருக்கவில்லை. குடும்பங்களின் அமானிதமாகத் தந்தையிடமிருந்து மகனுக்கு வந்தன. அவ்வூர்ப் பேரறிஞர் அஹ்மது பாபா (1556–1627) அவர்களை மொரோக்கோப் படையினர் சிறைபிடித்துச் சென்றபோது 1,600 கிதாபுகளை இழந்ததாகவும், தம் உறவினர்களுள் தம் நூலகமே சிறியது என்றும் அவர் கூறியதாக வரலாறு. 2012ல் ஆயுதக் குழுக்கள் நகரைப் பிடித்தன. அப்துல் காதிர் ஹைதரா முதலிய நூலகக் குடும்பத்தார் கிதாபுகளைத் தகரப் பெட்டிகளில் அடுக்கி, இரவோடு இரவாகக் கார்களிலும், நைஜர் ஆற்றில் படகுகளிலும் தலைநகர் பமாக்கோவுக்குக் கடத்திச் சென்றார்கள். 3 இலட்சத்துக்கு மேல் என்று கணக்குச் சொல்வார்கள். 2013 ஜனவரியில் அக்குழுவினர் ஓடும்போது அஹ்மது பாபா நிலையத்தில் தீ வைத்ததில் சுமார் 4,000 சுவடிகள் போயின.

அதன் பிறகு நடந்ததுதான் நமக்குப் பாடம். வறண்ட காற்றில் நூற்றாண்டுகள் கிடந்த தாள்களுக்குப் பமாக்கோவின் ஈரக்காற்று ஆகவில்லை. பூஞ்சணமும் நைப்பும் அச்சமூட்டின. 2025 ஆகஸ்டில் முதல் தொகுதிப் பெட்டிகளைத் திம்புக்துவுக்குத் திருப்பிக் கொண்டுபோனபோது சொல்லப்பட்ட காரணங்களில் இந்த ஈரமும் ஒன்று.

பமாக்கோவின் ஈரத்துக்கே இப்படி என்றால், ஐப்பசி, கார்த்திகையில் வயலும் வாய்க்காலும் ஒன்றாய்க் கிடக்கும் நம் நாட்டின் நிலை என்ன? சுவரில் கைவைத்தால் ஈரம் ஒட்டும், உப்புக் கசியும். காற்றில் ஈரம் 65, 70 சதவீதத்தைத் தாண்டி நின்றுவிட்டால் தாளில் பூஞ்சணம் பிடிக்கும். பின்னாலேயே ராமபாணப் பூச்சியும் கரையானும். இவை போதாவென்று புயல் வேறு. 2018 நவம்பர் 16ல் கரையேறிய கஜாப் புயல் அதிராம்பட்டினம், முத்துப்பேட்டைப் பக்கம் எத்தனை கூரைகளைப் பறித்தது என்பதை யாவரும் அறிவர். பரணில் இருந்த பெட்டிகளுக்கு மேல் அன்று வானம்தான் இருந்தது.

திம்புக்துக் கிதாபுகளைச் சுமந்த அதே தகரப் பெட்டி நம் ஊரில் பகையாகிவிடும் என்பதைக் கவனிக்க வேண்டும். பகல் வெயிலில் சூடேறி இரவில் குளிரும்போது மூடிய பெட்டியின் உட்புறம் வேர்க்கும். காற்று புகாததால் ஈரம் உள்ளேயே நிற்கும். பாலிதீன் உறையும் அப்படியே. பருத்தித் துணியில் தளரச் சுற்றி, மர அலமாரியில், தரையை விட்டு உயரத்தில், வெளிச்சுவரைத் தொடாமல் வைப்பதே நலம். பங்குனி, சித்திரையில் எடுத்து நிழலில் காற்றாட விரித்து, மென்மையான தூரிகையால் தூசி தட்ட வேண்டும். நேர் வெயிலில் காயவைத்தால் தாள் நொறுங்கும்.

பூச்சிக்கு மருந்து தேடித் தூரம் போக வேண்டியதில்லை. தஞ்சை அரண்மனையில் சரசுவதி மகால் நூலகம் இருக்கிறது. சரபோஜி மன்னர் (1798–1832) வளர்த்தது. 1918ல் பொதுமக்களுக்குத் திறந்தது. சுமார் 49,000 சுவடிகளைக் காப்பது. அங்கே வசம்பு, கருஞ்சீரகம், இலவங்கப்பட்டை, மிளகு, கிராம்பு இவற்றைப் பொடித்துக் கற்பூரமும் சேர்த்துச் சிறு துணிமுடிச்சாகச் சுவடிகளுக்கிடையே வைப்பது மரபு. எல்லாம் நாட்டு மருந்துக் கடைச் சரக்கு. முடிச்சு தாளைத் தொடாமல் அலமாரி மூலையில் இருந்தால் போதும். வாசம் குறைந்ததும் மாற்ற வேண்டும். முற்காலத்தில் பல நாட்டுக் கிதாபுகளின் முதல் ஏட்டில் ‘யா கபீகஜ்’ என்று எழுதியிருப்பார்கள். பூச்சிகளுக்கு அதிபதியான ஒரு ஜின்னின் பெயர் என்று நம்பி எழுதியது. ஆராய்ந்தால் அது பூச்சியை விரட்டும் ஒரு செடியின் பெயர்! செடியை வைத்த காலம் போய்ப் பெயரை மட்டும் எழுதிய காலம் வந்துவிட்டது போலும். நாம் வசம்பையே வைப்போம்.

கிழிசலுக்குச் செலோடேப் ஒட்டுவதும், பிளாஸ்டிக் ஏற்றி லாமினேஷன் செய்வதும் கூடவே கூடாது. பசை மஞ்சளாகி எழுத்தையும் சேர்த்து எடுத்துக்கொள்ளும். நனைந்துவிட்டாலோ துடைக்காதீர்கள், விளக்குக் கரியால் ஆன மசி ஈரத்தில் கரைந்து போகும். ஏடுகளுக்கிடையே ஒற்றுத்தாள் வைத்து, மின்விசிறிக் காற்றில் நிழலில் உலர்த்த வேண்டும். கடுக்காயும் அன்னபேதியும் கூட்டிய மசியென்றால் அது தானாகவே தாளை அரிக்கும். அதைத் தேர்ந்தவரிடம் காட்டுவதே வழி.

இனி, மூட்டையைப் பிரித்துப் பார்ப்பது எப்படி என்று சொல்லிவிடுவோம். உளூவுடன் அமருங்கள், உள்ளே முஸ்ஹபு இருக்கக்கூடும் அல்லவா? அச்சா, கையெழுத்தா என்று முதலில் பிரியுங்கள். கையெழுத்தானால் கடைசி ஏட்டைத் தேடுங்கள். வரிகள் வரவரக் குறுகி முக்கோணம்போல் முடியும் இடத்தில் எழுதியவர் பெயர், ஊர், ஹிஜ்ரி ஆண்டு இருப்பதுண்டு. முதல் ஏட்டில் வக்ஃபு வாசகமோ உடையவர் பெயரோ இருக்கலாம். ஏடுகள் கலைந்திருந்தால் பக்கத்தின் அடியில் இடதுபுற மூலையைப் பாருங்கள். அடுத்த பக்கத்தின் முதற்சொல்லை அங்கே தனியாக எழுதியிருப்பார்கள். அந்தச் சொல்லைக் கொண்டு சீட்டு அடுக்குவதுபோல் அடுக்கிவிடலாம். தாளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் சிலவற்றில் மூன்று பிறைகள் தெரியும். பிறையைக் கண்டு முஸ்லிம் நாட்டுக் காகிதம் என்று மகிழ வேண்டாம். முஸ்லிம்கள் வாங்குவார்கள் என்று இத்தாலிக்காரர்கள் இட்ட நீரோட்டக் குறி அது! ஆனாலும் காலத்தைக் கணிக்க உதவும்.

அரபி எழுத்தாயிருந்தும் ஆலிம்சாவுக்குப் பொருள் பிடிபடவில்லையா? வாய்விட்டு ஓதச் சொல்லிக் கேளுங்கள். தமிழ் காதில் விழலாம்.

உடைமை பற்றியும் ஒரு சொல். பள்ளிக்கோ மத்ரஸாவுக்கோ வக்ஃபு செய்த கிதாபு முத்தவல்லியின் சொத்தன்று. விற்கவோ பரிசளிக்கவோ அவருக்கு உரிமை இல்லை. ‘இந்த இடத்தை விட்டு வெளியே போகலாகாது’ என்று வாக்கிஃப் எழுதியிருந்தால் அந்த நிபந்தனையும் காக்கப்பட வேண்டும். வீட்டுக் கிதாபோ மய்யித்தின் சொத்தில் அடங்கும்; வாரிசுகள் அனைவருக்கும் அதில் பங்குண்டு. அதற்காக நான்கு பாகக் கிதாபை நான்கு மக்கள் ஆளுக்கொரு பாகமாகப் பிரித்துக்கொள்வது பங்கீடன்று, கிதாபைக் கொல்வது. ஒருவர் மதிப்பைக் கொடுத்து முழுவதையும் எடுத்துக்கொள்ளலாம். எல்லாரும் மனமொத்து ஒரு மத்ரஸாவுக்கு வக்ஃபு செய்துவிடலாம். சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் அரபி, பாரசீகச் சுவடிகளுக்கும் இடம் உண்டு. கொடுக்க மனமில்லையா? வேண்டாம். படம் எடுக்க விடுங்கள். படம் எடுப்பதால் கிதாபு வாசலைத் தாண்டுவதில்லை, வக்ஃபு நிபந்தனையும் மீறப்படுவதில்லை. செல்போன் காமிரா இல்லாத வீடு இன்று எது? சன்னலோர வெளிச்சத்தில், ஓரக்குறிப்பு உட்பட ஏடு முழுவதும் தெரியும்படி, முதலட்டை முதல் கடைசி அட்டை வரை வரிசையாக எடுத்து இரண்டு இடங்களில் சேமித்து வைத்தால், அடுத்த புயல் கூரையைப் பறித்தாலும் எழுத்துப் பிழைக்கும்.

இத்தனையும் பார்த்த பிறகும் ஓதவோ படிக்கவோ இயலாத துகள்கள் மிஞ்சத்தான் செய்யும். அச்சிட்ட குர்ஆன் பிரதிகளில் சிதைந்துபோனவையும் இருக்கும். அவற்றைத் தூய துணியில் சுற்றி, நடமாட்டமில்லாத, வெள்ளம் ஏறாத மேட்டில் ஆழமாகக் குழிதோண்டி, மேலே பலகையோ கல்லோ பாவி, மண் நேரடியாக விழாதபடி அடக்க வேண்டும். ஆற்றை விட இதுவே மேல் என்பதை மேலே கண்டோம். கோடையில் வறண்டு மணலாய்க் கிடக்கும் ஆற்றில் விட்ட சாக்கு என்னவாகும் என்பதைக் கரையோரத்தார் அறிவர். அடக்கிய நாள், இடம், அடக்கியவற்றின் விவரம், பார்த்துச் சொன்ன ஆலிமின் பெயர் ஆகியவற்றை ஜமாஅத் மினிட் புத்தகத்தில் எழுதி வைக்கவும்.